ஆசிய விவகாரத்தில் ஒரு விகாரம்

தனக்கு இரண்டு மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதன் பலனை நினைத்தால் இன்றைக்கும், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோதுகூட, காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆசிய விவகார ஆலோசகராக இருந்தேன். (பதவியைக் கொடுத்ததும் நானே, விசிட்டிங் கார்டு அடித்ததும் நானே.) அரசியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, எம்.பி. ஒருவரின் திருவனந்தபுரம் அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆசியாவில் நான் நேரில் பார்த்திருந்தது வடக்கே பழனி வரைக்கும். மேற்கே சங்குமுகம் கடற்கரை. மீதிக் கண்டத்தை நூலகத்தில் உட்கார்ந்து படித்திருந்தேன். ஆனால் டீக்கடையில் யாராவது சீனா என்று சொல்லிவிட்டால் போதும், அவர் டீ ஆறும்வரை விடமாட்டேன்.

அப்போதுதான் மலேசியாவிலிருந்து தமிழ் வணிகர்கள் குழு ஒன்று வருவதாகச் செய்தி வந்தது. நம் ஊரில் கிளை தொடங்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். எம்.பி.க்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் அவர்களைத் தமிழிலேயே வரவேற்றுப் பேசி அசத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். என்னைக் கூப்பிட்டு, பேச்சை நான் எழுத வேண்டும் என்றார்; நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் என்னை டில்லிக்கு அழைத்துப்போய் நிஜமான ஆலோசகராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நிஜமான சம்பளம் என்றும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பேட்டையான ஸ்ரீவராகம் முழுவதும் அப்பா சொல்லிவிட்டார். டில்லியில் குளிருமே என்று ஒரு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டார். (திருவனந்தபுரத்தில் அதை எங்கே தேடிப் பிடித்தார் என்பது இன்றுவரை தெரியாது.)

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. ரசத்தில் உப்பில்லை என்றோ, மடித்துணியைத் தொடாதே என்றோ தமிழில் வெளுத்து வாங்குவேன். அரசியல், தேர்தல், நாடு, மக்கள் எல்லாம் எனக்கு மலையாளத்தில்தான் தெரியும். அதனால் பேச்சு எழுத உட்கார்ந்தபோது மலையாளப் பத்திரிகை வார்த்தைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வாலை ஒட்டினேன். அதுதான் செந்தமிழ் என்று மனதார நம்பினேன்.

வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் மனசிலாச்சுடா. செந்தமிழ்னா நமக்கெல்லாம் மனசிலாகாதுன்னாக்கும் நான் நெனச்சிண்டிருந்தேன்" என்றார்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பேச்சை மலையாள எழுத்தில் எழுதி எம்.பி.யிடம் கொடுத்தேன். அவர் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, "இது முழுவன் எனிக்கு மனசிலாயல்லோ. தமிழ் இத்ர எளுப்பமாணோடோ?" என்று, தமிழ் இவ்வளவு சுலபமா என்கிற மாதிரி ஆச்சரியப்பட்டார். தமிழ் தெரியாத மனிதருக்கே எல்லாம் புரிகிறது என்றால் எங்கேயோ உதைக்கிறது என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

விழா நாள். ஹோட்டல் அரங்கு. முன்வரிசையில் விருந்தினர்கள், பட்டும் கோட்டுமாக. எம்.பி. மைக்கைப் பிடித்தார்.

"இப்படி ஓர் அவசரம் எங்களுக்கு வருவது இதுவே முதல் தடவை" என்று கணீரென்று ஆரம்பித்தார்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் இரக்கத்தோடு காலை இழுத்துக்கொண்டு வழிவிட்டார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து உச்சக்கட்டம். நான் இரண்டு நாள் செதுக்கிய வரி. "உங்கள் விகாரத்தை நாங்கள் அறிவோம். மலேசியத் தமிழரின் விகாரத்தை உலகம் முழுவதும் எடுத்துச் சொல்வோம்."

அரங்கில் பலர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. எம்.பி. பழுத்த மேடைப் பேச்சாளர். எந்த வரிக்கு ஜனங்கள் அசைகிறார்களோ அதை விடமாட்டார். கையை நீட்டி, "உங்கள் விகாரம்!" என்றார். நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எங்கள் விகாரம்!" என்றார். பிறகு தாளிலே இல்லாததையும் சேர்த்து, "இரண்டு விகாரமும் ஒன்றுதான்!" என்றார். ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டார். நானோ கூட்டம் உருகிவிட்டது என்று நினைத்து, உட்கார்ந்த இடத்திலேயே டில்லிக்குப் போய்விட்டேன்.

என் பக்கத்தில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். நடு வயது, அன்பான முகம். மெல்லக் குனிந்து கேட்டார்.

"தம்பி, விகாரம்னா உங்க ஊர்ல என்ன?"

பேச்சை எழுதியது நான்தான் என்று முதலில் தெரிவித்தேன். (அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.) பிறகு விளக்கம் கொடுத்தேன்: "உணர்ச்சி, மேடம். மனசுல இருக்கறதுக்குப் பேருதான் விகாரம்."

அவர் பொறுமையாகத் தலையாட்டினார். "எங்க ஊர்ல அது மூஞ்சியில இருக்கறதுக்குப் பேரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் எம்.பி. இன்னும் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தடுக்கலாமா என்று நினைப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்துப் பேச வந்த குழுத் தலைவர் பெருந்தன்மையான மனிதர். "எங்களைப் பற்றி எங்கள் ஊர்க் கண்ணாடிகூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நன்றி கூறி உட்கார்ந்தார். கிளையை அவர்கள் வேறு ஊரில் தொடங்கினார்கள். என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. என்னால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் எம்.பி. கூப்பிட்டார். அதற்குள் யாரோ அவருக்கு அர்த்தம் சொல்லியிருந்தார்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. மனிதர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் மேடையில் பேசியவர், முதல் முறையாகத் தான் சொன்னது என்னவென்று தெரியாமல் பேசியிருக்கிறார்.

"தான் தமிழனல்லேடோ?" என்று, நீ தமிழன் இல்லையா என்கிற அர்த்தத்தில் கேட்டார்.

"அதே ஸார்" என்று ஒப்புக்கொண்டேன்.

"பின்னெ இது ஏது பாஷயா?"

எனக்கு வாயில் வந்தது எங்கள் பேட்டையின் பெயர் ஒன்றுதான். "ஸ்ரீவராகத்திலெயா, ஸார்."

அவர் சிரிக்கவில்லை. டில்லிக்கு வேறொருவர் போனார். அவருக்குத் தமிழே தெரியாது என்பதுதான் அவருடைய தகுதி என்று கேள்விப்பட்டேன். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லாம் ஆங்கிலப் படிவம், யாருக்கும் ஆபத்தில்லை.

அப்பா மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. தெருவில் யாராவது கேலி பேசினால், "வார்த்தை சரியான வார்த்தையாக்கும். தமிழ்நாட்டுக்காராளுக்கு அர்த்தம் தெரியலைன்னா அவன் என்ன பண்ணுவன்?" என்று சண்டைக்கு நிற்பார். அந்தப் பாசத்தைத் தாங்குவது அந்தச் சிரிப்பைத் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, எது நடந்தாலும் போட்டோவுக்கு நிற்கும்போது இன்றைக்கும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "எல்லாரும் அவாவா விகாரத்தைக் காட்டுங்கோ." அதனால் எங்கள் வீட்டு ஆல்பத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.