சாந்துப் பூவில் ஒரு கறுப்பு இதழ்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு விளக்கவுரையும் சேர்ந்தே வரும். பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டையும் தாங்க வேண்டும். நான் படித்தவன்.

என் மருமகன் ரமணன் பழைய வீடுகளின் சாந்து வேலைகளைத் திருத்துபவர். (ஊராரிடம் "கட்டடத் துறை" என்றுதான் சொல்லிவந்தேன். இஞ்சினியரின் மகள் மேசனைக் கட்டினாள் என்று சொல்ல வாய் வரவில்லை.) அவரும் மகளும் மொன்றியலில் விக்டோரியா காலத்து வீடொன்று வாங்கினார்கள். சாம்பல்நிறக் கல்முகப்பு, வெளியே வளைந்தேறும் இரும்புப் படி, முன்னறையில் குளிர்காய விறகெரிக்கும் பளிங்குக் கணப்பு, உட்கூரையின் நடுவே சாந்தில் வார்த்த பெரிய பூ. பழைய பூச்சுகளுக்கடியில் புதைந்து கிடந்த அதன் இதழ்களை ரமணன் இரண்டு பனிக்காலம் ஏணியில் நின்று பல்துலக்கும் பிரஷால் மீட்டெடுத்திருந்தார்.

புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும் குடிபூரலுக்கு முந்தின வாரம் அவ்வகை வீடுகளைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்தேன். ஒன்றே ஒன்று. அதுவே போதுமாயிருந்தது. இந்த வீட்டில் மின்னடுப்பில் பால் காய்ச்சுவது அவமானம், கணப்பில்தான் காய்ச்ச வேண்டும் என்று தீர்ப்பளித்தேன்.

"மாமா, அந்தப் புகைக்கூட்டை மேலை செங்கல் வைச்சு அடைச்சிருக்கு," என்றார் ரமணன்.

"தம்பி, புகை எப்பவும் மேலைதான் போகும். எனக்குப் படிப்பிக்காதையும்."

அவர் விருந்தினரை வரவேற்கப் போன நேரம் பார்த்து, விறகடுக்கிக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். புகை மேலேதான் போனது, முன்னறைக்குள். பால் பொங்குமுன் பட்டுச்சேலைகள் இரும்புப் படியால் இறங்க, தீயணைப்புக்காரர் ஏறினார்கள். (அந்தப் படியில் ஒருவர்தான் போகலாம் என்று புத்தகத்தில் இல்லை.)

யார் கொளுத்தியது என்று அவர்களின் தலைவர் பிரெஞ்சில் கேட்டார். நான் நாடியை நீட்டி மருமகனைக் காட்டினேன். இதைத்தான் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் முன்னுரை.

ரமணன் கறுத்துப்போன பூவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, தான்தான் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்ததற்குப் புகை மட்டும் காரணமில்லை.

மூன்றாம் நாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"ஏணியைப் பிடியுங்கோ மாமா," என்றார்.

அந்தப் பனிக்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் நான் இருக்கும் புவாண்ட்-கிளேரிலிருந்து பஸ் ஏறிப் போய் ஏணி பிடித்தேன். ஒரே ஒரு இதழை மட்டும் அவர் துலக்காமல் விட்டார். இன்றைக்கும் யாராவது அண்ணாந்து பார்த்துக் கேட்டால், தேநீரை ஊற்றியபடியே சொல்வார்:

"அது மாமான்ரை கைவேலை. அவரும் கட்டடத் துறைதான்."