உங்களுக்கு முன்னால் யாரும் இல்லை

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்காமலேயே எழுந்து ஓடிய வீடு, எனக்குத் தெரிந்து சிட்லபாக்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அது எங்கள் வீடு. ஓட வைத்தவள் நான். அதுவும் உள்ளறையில் உட்கார்ந்தபடி, முகத்தைக்கூடக் காட்டாமல். (முகத்தைப் பார்த்து ஓடியிருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.)

டாக்டர்களுக்கு டோக்கன் போடும் ஆப் நடத்துகிற ஒரு சின்னக் கம்பெனியில் அப்போதும் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். வீட்டிலிருந்தே டோக்கன் போடலாம். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று ஃபோனிலேயே தெரியும். முறை நெருங்கும்போது கிளம்பிப் போனால் போதும். இந்தக் கணக்கையெல்லாம் ஆறு கணினிகள் தங்கள் நினைவகத்திலேயே வைத்திருக்கும். டிஸ்க்கில் போய்த் தேடிக்கொண்டிருக்காமல், கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆறும் சேர்ந்தது ஒரு கிளஸ்டர். ஒன்றில் இருப்பதற்கு இன்னொன்றில் நகல் உண்டு. அதனால் ஏதாவது ஒன்று படுத்துவிட்டாலும் வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இந்த ஆறுக்கும் புது வெர்ஷன் ஏற்ற வேண்டும். ஆப் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பரிமாறுகிற ஆட்களை ஒவ்வொருவராக மாற்றுகிற மாதிரி வேலை இது. ஒருவரை வெளியே அனுப்பி, புது ஆள் வந்து, எந்த இலைக்கு என்ன பாக்கி என்று அவர் முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்தவரை அனுப்பலாம். புது ஆள் தயார் என்பதற்கு எங்கள் திரையில் ஒரு பச்சை விளக்கு வரும். பச்சை வரும்வரை அடுத்ததைத் தொடாதே என்பதுதான் விதி. அந்த விதியை எழுதியவள் நான். "டவுன்டைமே கிடையாது சார். பட்டப்பகல்ல, ஓ.பி. நேரத்துல பண்றேன், ஒரு பேஷன்ட்டுக்கும் தெரியாது" என்று முதலாளியிடம் அளந்து விட்டவளும் நான்தான்.

அதே சமயத்தில்தான் பிரபுவின் ஜாதகம் வந்தது. பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் வீடு, ஒரே பையன். பெரியவர்கள் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வாரத்தில் நாங்கள் ஃபோனில் பேச ஆரம்பித்துவிட்டோம். பிடித்திருந்தது. சும்மா பிடித்திருந்தது என்று எழுதினால் போதாது. அவர் மெசேஜ் வந்தால் ஃபோனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரிக்கிற நிலைமையில் இருந்தேன். இந்த இடம் கை நழுவிப் போனால் தாங்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு முட்டுக்கட்டை அவருடைய அம்மா வசந்தா. "ஐ.டி. பொண்ணுங்க எந்நேரமும் லேப்டாப்பும் கையுமா இருக்கும், வீட்டு நெனப்பே இருக்காது" என்பது அவர் கருத்து. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் பிரபு ஃபோன் செய்தார்.

"அம்மாவுக்கு அந்த ஒரு பயம்தாங்க. நாளைக்கு மட்டும் லேப்டாப் அவங்க கண்ணுல படாம பாத்துக்கோங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"கவலையே படாதீங்க" என்றேன். ஆனால் அந்த நாளைக்குத்தான் அப்கிரேடும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அம்மா பெண் பார்ப்பதை அன்றைக்கு வைத்திருந்தாள். எங்கள் துறையில் வெள்ளிக்கிழமை எதையும் தொட மாட்டார்கள். கெட்டுப்போனால் சனி, ஞாயிறு போய்விடும். வியாழக்கிழமை செய்ய வேண்டியதை முதலாளி ஏதோ டெமோ இருக்கிறது என்று தள்ளி வைத்துவிட்டார். "உனக்குத்தான் டவுன்டைமே கிடையாதே, என்னிக்குப் பண்ணா என்ன?" என்று என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டார். லீவு கேட்க வாய் வரவில்லை. (பெருமை பேசிய வாய், லீவு கேட்க மட்டும் திறக்காது.)

இங்கே அம்மாவின் ராகுகாலத் தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். ராகுகாலத்தில் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் முன்பே தொடங்கியதைத் தொடரலாம், தோஷமில்லை. ஊருக்குக் கிளம்பும் நேரம் ராகுகாலத்தில் விழுந்தால், அம்மா முன்கூட்டியே ஒரு பையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிடுவாள். பயணம் தொடங்கியாகிவிட்டது என்று அர்த்தம். நான் இதை வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவள் இல்லையா.

வெள்ளிக்கிழமை காலை பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கட்டிலில் லேப்டாப். ஃபோனில் என்னோடு பஷீர் இருந்தான். பல்லாவரத்திலிருந்து வேலை பார்க்கிற சக ஊழியன், நிதானமான பையன். நான் ஒவ்வொரு கணினியாக இறக்கி ஏற்ற, அவன் பச்சை விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு கணினி மளமளவென்று முடிந்தது. ஹாலில் அவர்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிரபு, அவருடைய அப்பா, அம்மா என்று மூன்று பேர்.

வசந்தா ஆன்ட்டியின் குரல் நன்றாகவே கேட்டது. "முட்டி வலிங்க. குரோம்பேட்டைல அந்த எலும்பு டாக்டர் இருக்காரே, அவர்ட்ட இன்னிக்குத்தான் டோக்கன் கெடச்சுது. எனக்கு முன்னாடி இன்னும் பதினெட்டு பேர் இருக்காங்க, அவசரமில்ல. இந்த ஆப்பு இருக்கறதால நிம்மதி."

எங்கள் ஆப். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா உள்ளே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "பத்தரைக்கு ராகுகாலம்டி. அதுக்குள்ள காபியைக் கொண்டு வந்து குடுத்துடு. அந்தச் சனியனை மூடி வை!"

"இன்னும் ரெண்டுதாம்மா."

"எந்த ரெண்டா இருந்தாலும் இப்பவே ஆரம்பிச்சு வெச்சுட்டு எந்திரி."

ஆரம்பித்து வைத்துவிட்டு எழுந்திரு. அந்த நொடி என் படிப்பெல்லாம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. ஐந்தாவதின் பச்சைக்காகக் காத்திருந்தால், ஆறாவதை ராகுகாலத்தில் அல்லவா தொடங்க வேண்டும்? இன்றைக்குப் பார்த்து, என் வாழ்க்கையே ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதா? இரண்டையும் இப்போதே தொட்டு வைத்துவிட்டால் அப்புறம் தொடர்ச்சிதானே, தோஷமில்லையே! ஐந்தையும் ஆறையும் ஒன்றாகத் தட்டிவிட்டு, ஃபோனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, லேப்டாப்பைப் போர்வையால் மூடினேன். தலையணைக்கு அடியில் பஷீர், "நித்யா, இரு இரு, அஞ்சோட நகல் ஆறுலதான் இருக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தானாம். பூவோடும் புடவையோடும் காபித் தட்டை எடுக்கப் போன எனக்கு அது எங்கே கேட்கப் போகிறது?

அசல் ஐந்தில், நகல் ஆறில். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே போனதும், அவற்றில் இருந்த டோக்கன் வரிசைகள் மொத்தமும் காலி. வரிசையில் ஆளே இல்லாதபோது எங்கள் ஆப் என்ன செய்யும்? கேட்கிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொல்லும்.

நான் காபித் தட்டோடு திரைச்சீலையை விலக்கப் போன நேரம், ஹாலில் வசந்தா ஆன்ட்டியின் ஃபோன் 'டிங்' என்றது.

"'உங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. உடனே உள்ளே வரவும்.' அய்யய்யோ! என்னங்க, நம்பர் வந்துடுச்சு! எந்திரிங்க!"

"ஏய், பொண்ணை இன்னும் பாக்கலையே" என்றார் பிரபுவின் அப்பா, கையில் பஜ்ஜியோடு.

"பொண்ணு எங்க போகப் போவுது? டாக்டர் போயிடுவாருங்க!"

திரைச்சீலையை நான் விலக்கியபோது மூன்று முதுகுகள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தன. முட்டி வலிக்காரர்தான் முதலில் போனார். பிரபு மட்டும் திரும்பி, தட்டும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்.

"ராகுகாலம் பொறக்கற நேரத்துல கிளம்பிட்டாங்களே" என்று அம்மா சோபாவில் சாய்ந்துவிட்டாள். உள்ளே ஓடிப்போய்ப் போர்வையைத் தூக்கினேன். திரை முழுவதும் சிவப்பு.

நல்லவேளை, மூல விவரம் முழுவதும் டிஸ்க்கில் தனியாக இருந்தது. பஷீர் திட்டக்கூட நேரமில்லாமல் (அப்புறம் சாவகாசமாகத் திட்டினான்) என்னோடு சேர்ந்து டோக்கன்களை மறுபடி ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் எண்கள் திரும்பிவிட்டன, மற்ற கிளினிக்குகள் அடங்கின. குரோம்பேட்டை மட்டும் அடங்கவில்லை. அங்கே எல்லோரும் ஏற்கெனவே வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து சேர்ந்துவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டார்.

"நித்யா, பக்கத்துல இருக்கறது நீதான். அந்த எலும்பு டாக்டர் என் காது கிழியக் கத்தறார். நேர்ல போய் வரிசையைச் சரி பண்ணு. உடனே!"

புடவை மாற்ற நேரமில்லை. அப்பா மறுபேச்சுப் பேசாமல் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். அம்மா வாசலை மறித்தாள். "ராகுகாலத்துல எங்கடி கிளம்பற?"

"பையை அப்பவே வெளிய வெச்சாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

கிளினிக்கில் நிற்க இடமில்லை. ஒவ்வொருவரும் தன் ஃபோனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கதவை நோக்கி முண்டினார்கள். ரிசப்ஷன் பெண் நாற்காலியைவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆப் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், கையில் கட்டுப் போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாண மண்டபத்துலேர்ந்து நேரா வந்துகினு கீறியா? எனக்கு முன்னால யாரும் இல்லன்னு உன் ஆப்பு சொல்லுது. இங்க பாத்தா ஊரே கீது. பேஜாரா பூட்ச்சுமா!"

"தப்பு எங்க மேலதாண்ணா. இப்ப கரெக்டா கூப்பிடறேன்" என்று ரிசப்ஷன் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, தொண்டை கிழிய எண்களைப் படிக்க ஆரம்பித்தேன். டாக்டர் அறைக் கதவின் கைப்பிடியை ஒரு அம்மா விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆன்ட்டி, உங்க நம்பர் என்ன?"

"இருபத்தி மூணு. ஆனா எனக்கு முன்னாடி யாரும் இல்லன்னு வந்துச்சே!"

"அது தப்பா வந்தது ஆன்ட்டி. இப்ப ஆறுதான் உள்ள போகணும். போய் உக்காருங்க."

"யாரும்மா நீ, என்னை உக்காரச் சொல்றதுக்கு?"

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது. "அம்மா, அதுதான் பொண்ணு."

வசந்தா ஆன்ட்டி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பட்டுப்புடவை, வாடின பூ, எது கண்ணில் படக் கூடாதோ அந்த லேப்டாப். நல்ல ராகுகாலத்தில், முறைப்படி, பெண் பார்த்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஆட்டோக்காரர் விடவில்லை. "மாப்ள வூட்டுக்காரங்களா? அப்ப அவங்கள மொதல்ல வுட்ருவியே!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிரபுவும்தான்.

"இல்லண்ணா. இருபத்தி மூணு, இருபத்தி மூணாவதாத்தான் போகும்."

ஆன்ட்டி கைப்பிடியை விட்டார். போய் உட்கார்ந்தார். அதன்பிறகு நெடுநேரம் நான் எண்களைக் கத்த, அவர் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தி மூன்றைக் கூப்பிட்டதும் மெதுவாக எழுந்து மேஜைக்கு வந்தார்.

"இவ்வளவு கலாட்டாவும் உன்னாலயா?"

"ஆமா ஆன்ட்டி. ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணை ஆரம்பிக்கணும். ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சுட்டேன்."

"ஏன் அப்படிப் பண்ணே?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ராகுகாலம் வந்துடப் போகுதேன்னுதான். நீங்க வந்திருந்தீங்களா, அதனால நல்ல நேரத்துலயே தொட்டு வெச்சுடலாம்னு..."

அவர் வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "என்னங்க, கேட்டீங்களா? கம்ப்யூட்டருக்கு ராகுகாலம் பாத்திருக்கா!" மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போகும்போது திரும்பினார். "அந்தப் பஜ்ஜி இன்னும் இருக்கா? சாயந்திரம் வர்றோம்."

வந்தார்கள். ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றுவிட்டு, தாம்பூலம் மாற்ற நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மேடையில் பரிசு கொடுக்க நீண்ட வரிசை நின்றால், மாமனார் என் காதருகே குனிந்து, "உங்களுக்கு முன்னால் யாரும் இல்லை, உடனே உள்ளே வரவும்" என்பார். பிரபு சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொள்வார். எனக்குப் பழகிவிட்டது. கோபம்கூட வருவதில்லை.

போன மாதம் மறுபடி ஒரு அப்கிரேட், இப்போது பெருங்களத்தூர் வீட்டிலிருந்து. ராகுகாலத்தை ஞாபகப்படுத்த அம்மா ஃபோன் செய்தாள். அறை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்த வசந்தா அத்தை ஃபோனை வாங்கினார். "சம்பந்தி, பச்சை வராம அவ எந்திரிக்க மாட்டா. நான் விட மாட்டேன்." ஃபோனை வைத்துவிட்டு, தன் டோக்கனை எடுத்துப் பார்த்தார். அன்று அவருக்கு அதே எலும்பு டாக்டர்.

ஆறாவது விளக்கும் பச்சையானது. "முடிஞ்சுது அத்தை" என்றேன்.

"தெரியும்" என்றார், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு முன்னாடி இன்னும் பதினேழு பேர் இருக்காங்க. அப்பாடா!"