மூக்கு வண்டிக்குக் கட்டிய வேட்டி

சொந்த ஊர், உறவு, நிலம், கட்சி என்று நாலு விஷயம் இருக்கிறவன் தன் விசுவாசத்தை நாலாகப் பிரித்துக் கொடுத்துவிடுவான். ஒன்றும் இல்லாதவன்தான் மாட்டிக்கொள்வான். நான் மொத்தத்தையும் ஒரு வண்டிக் கம்பெனியிடம் கொடுத்தேன். அப்படி ஒருவன் கொடுத்திருக்கிறான் என்பது அந்தக் கம்பெனிக்கு இன்றுவரை தெரியாது.

எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன். ஆந்திராவில் போர்வெல் போடும் வண்டியோடு அலைந்தேன். நாக்பூர் லாரியில் கிளீனராக இருந்தேன். ஒசூரில் பரோட்டாவுக்கு மாவு அடித்தேன் (அந்தத் தோள்பட்டை வலி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது). பட்டினியும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் சென்னை மந்தைவெளியில் கால் தரித்தது. மூன்றாம் கையாக ஒரு பழைய பிக்கப் வண்டி என் பெயருக்கு வந்தது. அதற்கு முன் என் பெயரில் இருந்தது ரேஷன் கார்டில் ஒரு வரி. அதையும் அண்ணன் எடுத்துவிட்டிருந்தான்.

எங்கள் ஸ்டாண்டில் இரண்டே ஜாதி வண்டிகள். முன்னால் நீளமாக பானெட் வைத்தது மூக்கு வண்டி. முகம் தட்டையாக இருப்பது மொட்டை வண்டி. இரண்டும் வேறு வேறு கம்பெனி. பெயரைச் சொன்னால் இப்போதும் யாராவது சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். தெருவின் இந்தப் பக்கம் மூக்கு, அந்தப் பக்கம் மொட்டை. நடுவில் டீக்கடை. கடைக்காரர் இரண்டு பெஞ்சு போட்டிருந்தார். பெஞ்சு மாறி உட்கார்ந்தவனை நான் பார்த்ததில்லை.

"மொட்டையில மோதினா டிரைவர் கால்தான்டா பம்பரு" என்போம் நாங்கள்.

"மூக்குல பாதி டீசல் சளியா போயிடுது மச்சி" என்பார்கள் அவர்கள்.

இதில் என் அளவுக்குத் தீவிரமான ஆள் ஸ்டாண்டில் கிடையாது. முடிவெட்டும் கடையில் மொட்டைக் கம்பெனியின் காலண்டர் தொங்கியதைப் பார்த்து, ஒரு பக்கக் கிருதாவோடு எழுந்து வந்தவன் நான். வண்டியின் மூக்கில் இருந்த கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் சீரியல் லைட் மாட்டியிருந்தேன். பிரேக் போட்டால் சிவப்பு, ஹாரன் அடித்தால் பச்சை. வயரிங் எல்லாம் என் கைவேலை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "யோவ், இது ஒருநாள் உன்னைக் கொளுத்தும்" என்றார். அவரிடம் மொட்டை வண்டிகளும் சர்வீசுக்கு வருவதால் பொறாமையில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் வண்டி நடுரோட்டில் நின்று, எதிர்க் கம்பெனி வண்டி அதைக் கட்டி இழுத்து வந்தால், அடுத்த ஆயுத பூஜைக்கு இழுக்கப்பட்டவன்தான் இழுத்த வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். எல்லோர் முன்னாலும், சாமி கும்பிட்டு. செத்தாலும் அது மட்டும் எனக்கு நேரக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லா அக்கா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்பவர். தார்ப்பாய்க்குக் கீழே, வெயிலில், ஒரு பலகையை வைத்துக்கொண்டு பல வருடமாக உட்கார்ந்திருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது, எழுந்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. அவருக்கு ஒரு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் பழக்கமானார். வடபழனியில் ஒரு மண்டபம், காலையில் முகூர்த்தம், சாயங்காலம் வரவேற்பில் வஞ்சிரம் வறுவல். "இந்தத் தபா சரியா குடுத்துட்டீன்னா, இனிமே என் மண்டபம் எல்லாத்துக்கும் நீதாம்மா" என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அது நடந்தால் அக்கா ரோட்டில் உட்கார வேண்டாம். வீட்டிலிருந்தே போனில் பேசி மீன் அனுப்பிவிடலாம்.

அந்த லோடை என்னிடம் கொடுத்தார். "உன் வண்டிதான் பெருசா கீது நைனா. பாத்து இட்டுக்கினு போ" என்றார். அந்த முதல் வாக்கியத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. வண்டிக்குப் பூஜை போட்டு, மூக்கில் சாமந்தி மாலை சாத்தி, ஊதுவத்தி செருகியிருந்தேன். மண்டபத்தில் சாப்பாடு உண்டு என்று அக்கா சொல்லியிருந்ததால், பந்தியில் உட்காரப் புது வேட்டி ஒன்றையும் சீட்டில் வைத்திருந்தேன். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைப் பின்னால் ஏற்றி, தார்ப்பாய் மூடி, அக்காவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினோம். லஸ் தாண்டி எல்டாம்ஸ் ரோட்டில் முன்னால் ஒரு மொட்டை வண்டி போனது. என்னால் சும்மா இருக்க முடியுமா? ஒரே நேரத்தில் பிரேக்கும் ஹாரனும் போட்டு, சிவப்பும் பச்சையும் சேர்த்துக் காட்டினேன்.

டப் என்று ஒரு சத்தம். சின்னத்துக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. வண்டி நின்றுவிட்டது.

"இன்னா நைனா, ஏன் நின்னுகினு கீது?" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா, மூச்சு வாங்குது" என்றேன்.

முன்னால் போன மொட்டை வண்டி பின்னுக்கு வந்தது. ஏழுமலை. எங்கள் ஸ்டாண்டில் எதிர்ப் பெஞ்சின் தலைவன் என்றே சொல்லலாம். அவன் வண்டி காலி. இறங்கி வந்து என் மூக்கைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மச்சி, பெட்டிய என் வண்டிக்கு மாத்திடலாம். நான் அக்காவ இட்டுக்கினு போய் வுட்டுர்றேன்" என்றான்.

உலகத்திலேயே எளிமையான யோசனை. ஆளுக்கு ஒரு கை பிடித்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் என் லோடு மொட்டை வண்டியில் மண்டபத்துக்குப் போவதா? "வேணாம்டா. வெயில்ல பெட்டிய அசைச்சா ஐஸ் உடையும், மீனு கெட்டுடும்" என்றேன். ஐஸ் உடைவதற்கும் மீன் கெடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து மீன் பார்த்த அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப கயிறு கட்டி இழுக்கட்டா?"

பூசணிக்காய் கண்முன் வந்து போனது. அக்கா கத்த ஆரம்பித்தார். "ஏதோ ஒண்ணு பண்ணுங்கடா! ஐஸு கரையுது, காண்ட்ராக்டரு போன் மேல போன் பண்றாரு!"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (அது வேலை செய்த நாட்களை நினைத்தாலே பயமாக இருக்கிறது). கயிறு கட்டி இழுத்தாலும், வண்டியின் மூக்கை மூடிவிட்டால் எந்தக் கம்பெனி என்று யாருக்குத் தெரியும்? புது வேட்டியை உதறி, பானெட்டின் மேல் போர்த்தி, சின்னம் தெரியாமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினேன்.

"காத்துல பறக்கும் மச்சி. மாலைய எடுத்து மேல போட்டுக்கோ, வெயிட்டா நிக்கும்" என்றான் ஏழுமலை. அதை நல்லெண்ணத்தில் சொன்னானா என்று பலமுறை கேட்டுவிட்டேன். கேட்கும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லிவிடுகிறான்.

மீன் வாடை மண்டபத்தில் அடிக்கக்கூடாது என்று நான் புதிதாக ஒரு கொத்து ஊதுவத்தியும் ஏற்றி வைத்தேன். கயிற்றில் இழுக்கும்போது பெட்டிகள் சரியாமல் இருக்க அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையைத் தார்ப்பாய் மேல் வைத்துக்கொண்டார்.

வாசகர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

தேனாம்பேட்டை தாண்டியதும் டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் எங்களுக்காக மற்ற வண்டிகளை நிறுத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாண்டி பஜாரில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பனகல் பார்க் பக்கம் பைக்கில் போன ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மூக்கை மூடினாலும் வண்டியின் கம்பீரம் தெரிகிறதுபோல என்று நினைத்து, மந்திரி மாதிரி இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டே போனேன்.

சிக்னலில் அந்த பைக்கில் வந்தவர் ஜன்னல் அருகே வந்து, "தைரியமா இருங்கண்ணா. எல்லாருக்கும் ஒருநாள் வர்றதுதான்" என்றார்.

"வயரிங்தான் போயிடுச்சு, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பூக்காரம்மா அவர் மடியில் உதிரிப்பூவைப் போட்டுவிட்டு, "அழுதுடு தாயி, அடக்கி வெச்சுக்காத" என்று சொல்லியிருக்கிறார். அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார், தலையில் அடித்துக்கொண்டார். பின்பக்கக் கண்ணாடி வழியாக அவர் வாய் அசைவது தெரிந்தது, ரோட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, ரோட்டில் இன்னும் நாலு பேர் நின்று கும்பிட்டார்கள்.

இந்தக் கோலத்தில்தான் கோடம்பாக்கம் பாலம் ஏறி, வடபழனி மண்டப வாசலில் போய் நின்றோம்.

வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஏழுமலையின் வண்டி மெதுவாக அவர்களைக் கடந்தது. பின்னாலேயே, வெள்ளைத் துணி போர்த்தி, மாலை சாத்தி, ஊதுவத்தி புகைய என் வண்டி. அதன்மேல் முக்காடு போட்ட ஒரு பெண்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. ஒரு அம்மாள் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு கீழே விழுந்து உருண்டது. மணப்பெண்ணின் தாய்மாமன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏலே, எவம்லே அது? முகூர்த்த நேரத்துல வாசல்ல பாடையக் கொண்டாந்து நிறுத்துதிய? வெளங்குவியளாலே நீங்க?"

கீழே இறங்கிய அந்தக் கணத்தில்தான் என் வண்டியை நான் முதன்முறையாக அடுத்தவர் கண்ணால் பார்த்தேன். ஓடிப்போய் வேட்டியை உருவினேன். சின்னம் கருகிப்போய் இருந்தது. "மீனுங்க. வெறும் மீனுங்க" என்றேன்.

காண்ட்ராக்டர் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக, பளிச்சென்று இருந்தது. "மீனு தங்கம்தாம்மா" என்றார் மெல்ல. "ஆனா இது வந்த கோலத்த இவங்கல்லாம் பாத்துட்டாங்க. இத நான் பந்தியில வெக்க முடியாது. வெச்சா இந்த மண்டபத்துக்குள்ள நானே அடுத்து வர முடியாது."

"சார், இவன் பண்ண கூத்துக்கு நான் இன்னா பண்ணுவேன்? பல வருசமா கேட்டுக்கினு இருந்த ஆர்டரு சார்" என்றார் அக்கா.

"தெரியும்மா" என்றார் அவர். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். போனில் வேறு யாரிடமோ மீன் கேட்கும் குரல் வாசல்வரை கேட்டது.

பிறகு பெட்டிகளை ஏழுமலையின் வண்டிக்கு மாற்றினோம். சொன்னேனே, ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. ஒரு ஐஸ் கட்டிகூட உடையவில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் அக்கா. நான் பெட்டி சுமந்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டுவார் என்று சாயங்காலம்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அடுத்த நாள் காலை அதே பலகை, அதே தார்ப்பாய், அதே வெயில். அந்தப் பக்கம் போகாமல் ஒரு மாதம் சுற்றுவழியில் வண்டி ஓட்டினேன்.

அந்த ஆயுத பூஜைக்கு ஏழுமலையின் வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தேன். எதிர்பார்த்த அளவுக்கு அவமானமாக இல்லை. அதைவிடப் பெரியது ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகி, மேற்கு மாம்பலத்தில் மாமியார் வீடு என்று ஒன்று வாய்த்தது. கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மச்சினி கல்யாணத்துக்குச் சீர்வரிசை ஏற்ற வேண்டும். வீட்டு மாப்பிள்ளையிடம் சொந்த வண்டி சும்மா நிற்கிறது. ஆனால் வாடகை கொடுத்து ஏழுமலையை வைத்தார்கள். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எதற்கும் அவன்தான். நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கோச்சுக்காதீங்க மாப்ள. நான் போறப்போ உங்க வண்டிதான். சொல்லி வெச்சிருக்கேன். பழகின வண்டி, வழி தெரியும்" என்றார். வீடே சிரித்தது. இப்போதும் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இதை ஒருமுறை சொல்லிச் சிரித்த பிறகுதான் இலை போடுகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஸ்டெல்லா அக்காவிடம்தான் சிரிக்க முடிவதில்லை. போன மாதம் அவர் இரண்டு பெட்டியோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் லோடு ஏற்றும் ஏழுமலையின் வண்டி ரிப்பேரில் இருந்தது எனக்குத் தெரியும். காலி வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூக்கில் இப்போது சின்னமும் இல்லை, லைட்டும் இல்லை.

"ஏத்துக்கா. காசு வேணாம்" என்றேன்.

"நீ போ நைனா, ஆட்டோ சொல்லிக்கீறேன்" என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "கோவம்லாம் ஒண்ணும் இல்ல. உன் வண்டி மானஸ்தன் வண்டி. மீனு ஏத்துனா அதுக்கு அசிங்கமாயிடும்" என்றார். சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து நல்லதாக இரண்டு சங்கரா மீனைப் பொறுக்கிப் பையில் போட்டு ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "பொண்டாட்டிகிட்ட குடு. கொழம்பு வெக்கச் சொல்லு."

ஆட்டோ வந்தது. பெட்டிகளை ஏற்ற நான் இறங்குவதற்குள் அவரே தூக்கி வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.