நாலாம் மாடி வீட்டுக்கு நான் சொன்ன தீர்ப்பு

இனிமேல் உணர்ச்சிவசப்படுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். சும்மா இல்லை, உத்தியோக நிமித்தம்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். கிளையை மூடி, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது தாண்டியவன் கெய்ரோவில் வேலை தேடினால் என்ன ஆகும்? எங்கள் பேட்டையான ஷுப்ரா முழுக்க என்னிடம் துக்கம் விசாரித்தது. ரொட்டிக் கடைக்காரன்கூட விடவில்லை. கடைசியில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி கூப்பிட்டது. சொத்து ஆய்வாளர் வேலை. நேர்காணலிலேயே ஒரு தேர்வு வைப்பார்கள். ஏதாவது ஒரு வீட்டின் கதையைச் சொல்வார்கள். அதை வைத்திருக்கலாமா, வாடகைக்கு விடலாமா, விற்கலாமா என்று காரணத்தோடு தீர்ப்புச் சொல்ல வேண்டும். தேறினால்தான் வேலை.

"ஆய்வாளனுக்கு நெஞ்சு இருக்கக் கூடாது சுஹைர், கணக்கு மட்டும்தான்" என்றேன் மனைவியிடம்.

"நேத்து சீரியல்ல கல்யாணப் பொண்ணு கார்ல ஏறினப்போ தேம்பினது யாரு?"

"அது வெங்காயம்."

"வெங்காயம் நறுக்கினது நான். நீங்க சோபாவுல இருந்தீங்க."

சுஹைரிடம் பேசி ஜெயித்தவன் இந்தத் தெருவிலேயே கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் தலைக்கு மேலே இருக்கும் நாலாம் மாடி வீடு. மகன் வஸீமின் கல்யாணத்துக்காக வாங்கிப் பூட்டி வைத்தது. ஆண்பிள்ளை பெற்றவனெல்லாம் இங்கே அப்படித்தான். வீடில்லாத பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பளிங்கு பதித்தாயிற்று. சரவிளக்கு பெட்டிக்குள் தூங்குகிறது. குளியல் தொட்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வஸீம் படிக்க ஜெர்மனி போனான். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். "அடுத்த வருஷம் வந்துடறோம் பாபா" என்பான் போனில். நானும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மேலே போய், துருப் பிடிக்காமல் இருக்கக் குழாய்களைத் திறந்துவிட்டு வருவேன்.

விற்றுவிடலாம் என்று சுஹைர் வாயெடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். "என் பையன் வந்தா எங்க இருப்பான்?" அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள், தானே எனக்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னாள். விருந்தாளிக்கு மட்டும் திறக்கும் வரவேற்பறையைத் திறந்து, தங்கமுலாம் நாற்காலியின் துணியை உருவிவிட்டு, என்னை உட்கார வைத்தாள். மேலே கோட்டு, டை. கீழே பைஜாமா. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எதுக்கு அது?"

"பதிவு பண்றேன். அப்புறம் கேட்டா உங்க தப்பு உங்களுக்கே தெரியும். ம், உட்காருங்க மிஸ்டர் ஃபிக்ரி."

"உட்கார்ந்துதானே இருக்கேன்!"

"வேலை வேணுமா, வேண்டாமா?"

எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தேன்.

"உங்க பலவீனம் என்ன?"

"என் மனைவி."

"போச்சு. வேலையும் போச்சு, ராத்திரி சோறும் போச்சு. அடுத்த கேள்வி. தன்தா ஊர்ல ஒரு பெரியவர். ஒரு வீட்டைப் பல வருஷமாப் பூட்டி வச்சிருக்கார். வாடகை கிடையாது, செலவு மட்டும் உண்டு. என்ன பண்ணலாம்?"

"ஏன் பூட்டி வச்சிருக்கார்?"

"தம்பி குடும்பம் வருமாம். குவைத்துல இருக்காங்க."

"வருவாங்களா?"

சுஹைர் தேநீர் கிளாஸை நகர்த்தி வைத்தாள். "அங்கேயே நிலைச்சுட்டாங்க. அதை அவர்கிட்ட சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை."

இந்த இடத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. டை கட்டினால் எனக்கு மூளைக்கு ரத்தம் போகாது. துள்ளி எழுந்தேன்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா! வித்துடணும். நாளைக்கே வித்துடணும்! வர்றவன் இத்தனை வருஷத்துல வந்திருக்க மாட்டானா? அவன் வர மாட்டான்னு தன்தா முழுக்கத் தெரியும், கிழவனுக்கு மட்டும் தெரியலை. பைத்தியக்காரன்!"

"பாவம், வருத்தப்படுவாரே."

"படட்டும்! தம்பியை நினைச்சுப் பாரு. போன் பண்ணும்போதெல்லாம் பொய் சொல்ல வேண்டியிருக்கு. அந்த வீட்டை வித்தாத்தான் அவன் நிம்மதியா மூச்சு விடுவான்."

எனக்கே மெய்சிலிர்த்தது. கைதட்டலுக்காகச் சுஹைரைப் பார்த்தேன். முந்தானை மாதிரி தலைத்துணியின் நுனியை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய், கணக்குக்கு யாராவது அழுவாங்களா?"

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த போன் செருமியது.

"பாபா."

வஸீம். பதிவு இல்லை, அவனுக்குத்தான் போன் போட்டிருக்கிறாள்; முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"நிஜமாத்தான் சொன்னீங்களா பாபா? நாங்க இங்க வீடு வாங்கிட்டோம். வாங்கி ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட சொல்ல வாய் வரலை."

அது தன்தாக்காரருக்குச் சொன்னது, உனக்கில்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அவன் அழுதான். பள்ளிக்கூடத்தில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும்போது அழுவானே, அதே அழுகை.

"நிஜமாத்தான்டா சொன்னேன்" என்றேன். "தோட்டம் இருக்கா?"

"சின்னதா இருக்கு பாபா."

"இருக்கட்டும். ஊருக்குப் போயிட்டு வந்தா குழாயைத் திறந்துவிடு. துருப் பிடிச்சுடும்."

போனைச் சுஹைர் பக்கம் நகர்த்திவிட்டேன். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் பையன் வர மாட்டான். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சுஹைர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் டையைத் தளர்த்திவிட்டாள்.

நிஜ நேர்காணலும் வந்தது. காலியாகக் கிடக்கும் வீடு ஒன்றைக் கொடுத்துத் தீர்ப்புக் கேட்டார்கள். "பூட்டி வச்சவரு மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டுவிட்டேன். நெஞ்சு அதிகமாம் எனக்கு. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்தால், நாலாம் மாடியில் பேரம் முடிந்திருந்தது. வாங்க வந்தவரிடமும் தரகரிடமும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுஹைர் பேசி முடித்திருக்கிறாள். அசந்துபோன தரகர், சனிக்கிழமையிலிருந்து தன் ஆபீசுக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் அவளை.

நேர்காணலே வேண்டாமாம்.