தொண்ணூற்றாறு விழுக்காடு டத்தோ

மரியாதை என்னும் மகத்தான பண்பு உலகில் எங்கு வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம். அது முழு வளர்ச்சி கண்ட இடம் பெர்மாஸ் ஜெயாவில் உள்ள லோகேஸ்வரனின் மீன் ஏற்றுமதி நிறுவனம்தான். மன்னிக்கவும், டத்தோ லோகேஸ்வரன். சுல்தான் தரும் அந்தப் பட்டம் கிடைத்த வாரமே பெயர்ப்பலகை, பேனா, கழிப்பறைச் சாவி என்று எல்லாவற்றிலும் அது பொறிக்கப்பட்டது.

அதே வாரம் சர்வர் திணறத் தொடங்கியது வெறும் 'தற்செயல்'.

செவ்வாய்க்கிழமை காலையில் அது படுத்தேவிட்டது. மெர்சிங்கிலிருந்து வந்த மீன் லாரிகளுக்கு டெலிவரி சீட்டு அச்சாகவில்லை. ஐஸ் உருகி வாசலில் ஓடியது. மேலாளர் காளிதாஸ் அவசரக் கூட்டம் கூட்டி, சர்வருக்குக் 'களைப்பு' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார். பிறகு, மாலை வகுப்பில் கணினி படிக்கும் தற்காலிக ஊழியர் ஷர்மினியைப் பார்த்தார்.

"மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிடு. இல்லாட்டி உன் வேலைய கன்ஃபர்ம் பண்ண முடியாது லா."

ஷர்மினி பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம். புரோசஸரை எது தின்கிறது என்று முதலில் பார், என்ன செய்கிறது என்று கேள், கடைசியில்தான் 'கில்' கொடுத்து நிறுத்து என்பது வகுப்புப் பாடம். பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சார், தொண்ணூத்தாறு விழுக்காட்ட ஒரே ஆளு சாப்பிடுறாரு."

"யாரு?"

"டத்தோ."

காளிதாஸ் எழுந்து நின்றார். "வந்துட்டாரா?"

"இல்ல சார், சர்வருக்குள்ள ஓடிக்கிட்டு இருக்காரு. அந்த புரோகிராம் பேரே டத்தோ."

காளிதாஸ் முகம் மலர்ந்தது. அவர் எழுதச் சொன்னதுதான். முதலாளி பெயர் வரும் கோப்புகளையெல்லாம் தேடி முன்னால் பட்டத்தைச் சேர்க்கும் புனிதப் பணி. முடிந்ததும் நிறுத்தச் சொல்ல மட்டும் யாருக்கும் துணிவில்லை. ஆகவே அது முதலிலிருந்து மறுபடி சேர்த்தது. பழைய ரசீதுகளில் அவர் இப்போது 'டத்தோ டத்தோ டத்தோ டத்தோ லோகேஸ்வரன்'.

"சரி, என்ன செய்யணும்?"

"டத்தோவ கில் பண்ணணும், சார்."

"அலமாக்! மெதுவா பேசு! வேற எதையாச்சும் கில் பண்ணேன். அந்தச் சம்பளக் கணக்கு?"

"அது அர விழுக்காடுதான் சார். வேல செய்யுது."

"அப்ப டத்தோ வேல செய்யலியா?"

ஷர்மினி நேர்மையாக யோசித்தாள். "சூடாகுறாரு சார்."

வாசலிலிருந்து மீன் வாடை கூட்ட அறைக்குள் நுழைந்தது. காளிதாஸ் சாட்சியாகிவிடக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஷர்மினி பெயரை மூன்று முறை சரிபார்த்துவிட்டு விசையைத் தட்டினாள்.

சர்வரின் இரைச்சல் அடங்கியது. சீட்டுகள் மளமளவென்று விழுந்தன. லாரிகள் கிளம்பின. காளிதாஸ் பூரித்துப்போய் முதலாளிக்குப் போன் போட்டார்.

"டத்தோ! டத்தோவ நிறுத்தினதும் கம்பெனி பிச்சிக்கிட்டு ஓடுது, டத்தோ!"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம். முதலாளியின் குரல் தாழ்ந்தது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஷர்மினிக்கு மட்டும்தான், டத்தோ."

"இன்னைக்கே அந்தப் பிள்ளைய கன்ஃபர்ம் பண்ணிடு."