சூட்டுப் பெட்டியில் வைத்த ஆறு செல்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகள் பணிவுடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுத ஆசைதான். சனிக்கிழமை வந்து என்னை அழைத்துப் போய்விட்டால் அதையும் எழுதிவிடுவேன்.

"தோலு, செல்லு, டிசைனு. வேற என்ன? செல்லுக்குத் தோல் உறை தைக்கிற கம்பெனிதான்" என்று சொல்லி என்னை இங்கே சேர்த்துவிட்டீர்கள். மாமா, இங்கே ஊசி இருக்கிறது, நூல்தான் இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கண்ணாடிக் குழாய்களோடு அலைகிறார்கள், நான் கழுவுகிறேன். என்ன வேலை என்று வாய் திறந்து கேட்கத் தெரிந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் காலை பெரிய சார் ஓடிக்கொண்டே, "தட்டுல இருக்கிற செல்லையெல்லாம் சூட்டுப் பெட்டியில வச்சிடும்மா. ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது" என்றார். வாசலில் ஒரு தட்டு உண்டு. உள்ளே போகிறவர்கள் செல்லை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தோல் ஒட்டுவதற்கு முன் சூடு காட்டுவார்கள் போல என்று நானே முடிவுகட்டி, ஆறு செல்லையும் துடைத்து, இடைவெளி விட்டு அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் ஒரே அமளி. நான் வாய் திறக்காததால் எனக்குப் பூனை என்று பெயர் வைத்த ஆய்வாளர் அக்கா என்னிடம், "ஏய் பூனை, என் செல்லைப் பாத்தியாடி?" என்று கேட்டார். பெட்டியைக் காட்டினேன். "அந்தச் செல் இல்லடி, பேசுற செல்லு!" என்று ஓடிவிட்டார். சார் வாட்ச்மேன் செல்லை வாங்கித் தன் எண்ணை அழைத்தார். பெட்டி பாடியது. எல்லோரும் பாய்ந்து வந்தார்கள். நான் கதவில் முதுகை வைத்துக்கொண்டு, இங்கு வந்த பிறகு முதல்முறையாகப் பேசினேன்: "திறக்கக் கூடாது சார். நீங்க இன்னும் சொல்லல."

சார் சொன்னார், மாமா; நன்றாகவே சொன்னார். பெட்டிக்குள் ஈரமான சூடாம்; ஆறு செல்லிலும் கண்ணாடிக்கு உள்ளே ஆவி. அதன் பிறகுதான் விஷயமே தெரிந்தது. நம் தோலுக்குள் காவல்காரச் செல்கள் என்று உயிருள்ளவை இருக்கின்றனவாம். அவற்றின் மேல் காது மாதிரி ஏற்பிகள். ஒன்றுமில்லாத செய்தியைக் கேட்டுக்கூட அவை அடிதடியில் இறங்குவதால்தான் அரிப்பும் தடிப்பும். அந்தக் காதில் மட்டும் பஞ்சு போல் பொருந்தி உட்காரும் மூலக்கூறு ஒன்றைச் சார் வடிவமைக்கிறார். அதைச் சோதிக்க மூன்று வாரமாக வளர்த்த செல்களைத்தான் நான் பெட்டியில் வைத்திருக்க வேண்டுமாம்; அவை உள்மேசைத் தட்டிலேயே கிடந்து சுருண்டுவிட்டன. "உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்குச் சொல்றேன்" என்றிருக்கிறார். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் ஓடத் தோன்றுகிறது. ஒரே குழாயை நாலு முறை கழுவிவிட்டேன். அவர் போகச் சொல்வதற்குள் நானே போய்விட வேண்டும், மாமா. எப்படியாவது வந்துவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பயலுக்கு முத்தம்; அவனை என் மாதிரி வாயில்லாமல் வளர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாமல்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: நாளைக்குச் சொல்கிறேன் என்ற சார், கடிதத்தை மடிக்கும்போதே வந்துவிட்டார். "அத்தனை பேர் கத்தியும் கதவைத் திறக்காத ஆளு இந்தக் கட்டடத்துல நீ ஒருத்திதான். இவங்க நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பாத்தே பாதியைக் கெடுக்கிறாங்க. நாளையிலேர்ந்து பெட்டி உன் பொறுப்பு. காலைல வந்ததும் செல்லை உள்ள வை" என்றார். என் வாய் தானாகத் திறந்தது: "எந்தச் செல்லு சார்?" அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு குழாய் உடைந்தது. புதுச் செல்கள் வளர மூன்று வாரம் ஆகும். சனிக்கிழமை வராதீர்கள், மாமா. வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்.