நாற்பது பீப்பாய்க்குள் காகிதம்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

இங்கு நான் நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது, இனி சண்டை. நேரில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கதிரியக்கக் கழிவைப் பீப்பாயில் அடைப்பது உங்கள் வேலை. அது நிலத்தடிச் சுரங்கத்துக்குப் போகும் முன் சோதிப்பது என் வேலை. நேற்று உங்கள் பிரிவிலிருந்து வந்த நாற்பதையும் எக்ஸ்ரே எடுத்தேன். நாற்பதிலும் மடித்த காகிதம்! ஒன்றிரண்டு என்றால் கைத்தவறு; நாற்பது என்றால் கொள்கை. "காகிதம்தானேம்மா, மக்கி மண்ணாயிடும்" என்று போன மாதம் சொன்னீர்கள். அது தோட்டத்துக் குழி இல்லை, சித்தப்பா. சுற்றிலும் சிமெண்ட், அதில் ஊறிய தண்ணீர் கடுங்காரம், அந்தக் காரத்தில் காகிதம் சிதைந்து ஒருவகை அமிலமாகும், அந்த அமிலம் சிமெண்டோடு ஒட்டிச் சும்மா கிடக்கும் கதிரியக்க உலோகத்தைக் கைப்பிடித்து நிலத்தடி நீருக்குக் கூட்டிக்கொண்டு போகும், அந்த நீரை யாரோ குடிப்பார்கள். இதற்காகத்தான் மூன்று வருடமாகப் பாட்டில் பாட்டிலாகக் காகிதத்தை ஊறவைத்துப் பார்க்கிறேன். எனக்கு 'ஊறுகாய்க்காரி' என்று பெயர் வைத்ததே நீங்கள்தான்!

இன்று கேன்டீனில் கேட்டேன்.

"பேப்பர் போட்டீங்களா?"

"போட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"மேலிடத்து உத்தரவும்மா."

சொல்லிட்டு டீயை ஊதுறீங்க! பக்கத்துல என் மேலதிகாரி வேற. சொந்தக்காரர்னு விட்டுடுவேன்னு நெனச்சீங்களா? உங்களை அந்தப் பிரிவிலேருந்தே தூக்கச் சொல்லி அறிக்கை எழுதிட்டேன். நாளைக்குக் காலையில கொடுக்கப் போறேன். ஓய்வுபெற நாலு மாசம்தான் இருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.

சித்திக்கு என் அன்பு. உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
கோபம் குறையாத உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் முதல் பீப்பாயைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது என் சுற்றறிக்கை. 'பீப்பாய்க்குள் காகிதம் போடக் கூடாது', நான்கு பக்கம். கீழே 'படித்தேன்' என்று உங்கள் கையெழுத்து. அதற்கு மேலே நான் எழுதிய கடைசி வரி: 'கையெழுத்திட்ட பிரதி ஒன்றை ஒவ்வொரு பீப்பாயிலும் தவறாமல் வைக்கவும்.' மீதி முப்பத்தொன்பதையும் நானே நின்று திறக்க வேண்டுமென்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அறிக்கையைக் கிழித்துவிட்டேன். பயப்படாதீர்கள், துண்டுகளை எந்தப் பீப்பாயிலும் போடவில்லை, என் கைப்பையில் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா, சித்தப்பா? ஸ்பேனரையும் எடுத்துக்கிட்டு?